பத்து மணிக்குக் கேட்டேன், இரண்டு மணிக்குச் சொன்னேன்

பதிவறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் முன்னால் வந்து கொஞ்ச நேரம் கதைக்க வேண்டும் என்று கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் பென்சனில் போகும்போது எங்கள் அறையில் இருந்தவை இரண்டே இரண்டு கம்ப்யூட்டர்கள். அதில் ஒன்று மாரி காலம் முழுக்கப் படுத்துக் கிடக்கும். இப்போது நோயாளி கவுண்டரில் வந்து நின்று மூச்சு விடுவதற்குள் அவருடைய பழைய நோய் வருத்தமெல்லாம் உங்கள் திரையில் வந்து நிற்கிறது. உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்லித் தருவது என்று இரண்டு நாளாக மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். கடைசியில் என் பொஞ்சாதிதான் வழி சொன்னாள். "உங்கட கெட்டித்தனத்தயெல்லாம் அங்க போய் அளக்காதீங்க. பிழை விட்ட ஒண்டச் சொல்லுங்க, புள்ளையளுக்கு உதவும்" என்றாள்.

பிழைகளுக்கு என்னிடம் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றை மட்டும் இத்தனை வருடமாக யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. அவளுக்குக்கூடப் பாதிதான் தெரியும். இன்றைக்கு முழுதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாளைய பதிவறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்பக்கம், கடல் காற்று நேரே வந்து அடிக்கும் ஒரு நீளமான அறை. கூரை வரைக்கும் மரத்தட்டுகள். தட்டு முழுக்க நோயாளிகளின் கட்டில் தலைமாட்டில் தொங்கிய நோய்க்குறிப்பு டிக்கட்டுகள், மாதம் மாதமாக வெள்ளை நாடாவில் கட்டியபடி. உப்புக் காற்றில் ஆணியெல்லாம் துருப்பிடிக்கும், ஏணியில் ஏறினால் ஒரு பக்கம் சாயும். காலை எட்டு மணிக்கு நோயாளிகள் படுக்கும் வாட்டுகளிலிருந்து கட்டுக்கட்டாக டிக்கட் வந்து இறங்கும்போது ஒரு வாசம் வரும். டெட்டோலும் பழைய தாளும் கலந்த வாசம். பெருநாள் லீவில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அந்த வாசத்துக்கு மனம் ஏங்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பிடித்த வேலை எனக்கு.

அந்த வேலையில் எனக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. கோடு போடுவது. அட்டவணை என்றால் அடிமட்டம் வைத்து, வெளிக்கோடு சிவப்பு, உள்கோடு நீலம், தலைப்பு முத்துமுத்தாக. வாட்டிலிருந்து வரும் கணக்கை யாராவது பென்சிலால் கிறுக்கித் தந்தால் எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வரும். "இது என்ன, கோழி கிண்டின மாதிரி" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். வாட்டுப் பிள்ளைகள் எனக்குப் பின்னால் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே சொல்ல மாட்டேன்.

கதைக்கு வருமுன் நான் போட்ட ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெயருக்குப் பெரிய தட்டுப்பாடு. ஆண்கள் வாட்டில் நின்று "உதுமாலெப்பை" என்று கூப்பிட்டால் மூன்று தலை நிமிரும். ஒரு நாள் இரண்டு உதுமாலெப்பைகளுக்கு ஒரே நேரத்தில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினோம். ஒருவர் சம்மாந்துறை, சீனி வருத்தக்காரர். மற்றவர் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்பவர், காலில் வெட்டுக்காயத்தோடு வந்தவர். சீனி மருந்துப் பொட்டலம் வயல்காரரோடு போய்விட்டது. நல்ல காலம், அவருடைய மனைவி கெட்டிக்காரி. எங்கட மனிசனுக்கு ஏது சீனி என்று கேட்டு, அடுத்த பஸ்ஸிலேயே பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வாட்டின் நடுவில் வைத்தார். சிஸ்டர் எனக்குக் கொடுத்த ஏச்சை நான் மறக்கவில்லை.

அன்றைக்குப் போட்ட சட்டம்தான் அது. அட்மிஷன் எழுதும்போது பெயர், இலக்கம், விலாசம் மூன்றையும் அடையாள அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுத வேண்டும். ஆள் வாயால் சொல்வதைக் கேட்கவே கூடாது. சட்டம் வந்த பிறகு ஒரு உதுமாலெப்பைகூட மாறவில்லை. பெரிய டொக்டர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நாள் அந்தச் சட்டத்தை நான்தான் போட்டேன் என்பதைச் சந்திக்கிற ஆளுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இனி அந்த மாரி. மழை விட்டு வெயில் எறித்ததும் டெங்கு பிடித்துக்கொண்டது. வாட்டில் கட்டில் போதாமல் நிலத்தில் பாய் போட்டார்கள். எங்கள் பகுதியின் டெங்கு வேலைக்குப் பொறுப்பாக ஒரு பெண் டொக்டர் வந்திருந்தார். மாத்தளைப் பக்கத்தவர், என்னைவிட இருபது வயது இளையவர். வந்த மாதமே மற்றவர்களைப் போல அண்ணன் முறை வைத்து என்னைக் காக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டார். ஆஸ்பத்திரி வளவுக்குள்ளேயே மூலையில் ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள் அவருக்கு. ஒவ்வொரு நாள் காலையும் நான் என் அட்டவணையோடு அங்கே போவேன். எந்த ஊரில், எந்தப் பிரிவில் எத்தனை பேருக்கு டெங்கு என்பது அதில் இருக்கும். மேசையில் பிளேன்டீயும் மீன் பனிசும் இருக்கும். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆசையாக இருக்கிறது. அவர் என் தாளின் மேல் விரலை ஓட்டுவார், நான் தேத்தண்ணியை ஆற்றிக் குடிப்பேன், பத்து நிமிடத்தில் அன்றைய முடிவு வந்துவிடும்.

முடிவு என்றால் சின்ன விசயமில்லை. புகை அடிக்கும் மெஷின் இரண்டு இருந்தது, ஒன்று பழுது. ஆட்களும் ஒரு கூட்டம்தான். நுளம்பு பறக்கும் நேரம் பார்த்துக் காலையிலும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும்தான் புகை அடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து ஒழுங்கைக்கு, சின்னச் சந்துகளுக்கு, மேல் முடியாது. புகையோடு வயிற்றுப்பிள்ளைக்காரரை வீடு வீடாகப் பார்க்கும் மருத்துவமாதும் சுகாதாரப் பரிசோதகரும் போவார்கள், தண்ணீர் தேங்கிய இடங்களைத் துப்புரவாக்குவார்கள், அந்த ஒழுங்கைகளில் காய்ச்சல்காரர் யாரும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஓர் ஊருக்குப் போனால் மற்ற ஊருக்கு அன்றைக்கு ஒன்றுமில்லை. "உங்க கோட்டை நம்பித்தான் காக்கா இந்த மெஷின் ஓடுது" என்பார் டொக்டர். என் உச்சி குளிர்ந்துபோகும்.

அந்தக் கிழமை என் அட்டவணையில் மருதமுனை மேலே நின்றது, ஆறு பேர். அடுத்தது நிந்தவூர், பிறகு அக்கரைப்பற்று. சாய்ந்தமருதில் தோணாவுக்குப் பக்கத்து ஒழுங்கைகளில் மூன்றே மூன்று பேர், இரண்டு சின்னப் பிள்ளைகளும் ஒரு பெண்ணும். தோணா என்றால் கடலுக்குப் போகும் ஓடை என்று தெரியாதவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். டொக்டர் மருதமுனைக்கு ஆட்களை அனுப்பினார். இரண்டு நாள் அடித்தார்கள். வாட்டுக்கு வரும் கூட்டம் குறையவில்லை. டொக்டர் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார், சரி, இன்னும் ஒரு நாள் அங்கேயே அடிப்போம் என்றார்.

அது வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். ஒரு டிக்கட்டில் தொலைபேசி இலக்கம் எழுதாமல் விட்டிருந்தார்கள், அதைக் கேட்கத்தான் ஆண்கள் வாட்டுக்குப் போனேன். அங்கே அன்சார் என்ற ஒரு பையன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்துகொண்டு, துண்டு வெட்டித் தாங்க, நான் போகணும் என்று தாதியிடம் மன்றாடிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து, இருபத்தாறு வயது. ஒலுவில் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போகிறவன், டிக்கட்டில் ஊர் மருதமுனை. இரவு கடல், பகலில் வீட்டில் தூக்கம். அவனுடைய இரத்த எண்ணிக்கை இன்னும் கீழேதான் கிடந்தது. தாதி முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு எங்கேயும் மூக்கை நுழைக்கிற பழக்கம் உண்டு. கால்மாட்டில் போய் உட்கார்ந்து, என்ன மனே அவசரம் என்று கேட்டேன். பெண்கள் விசயம் என்பதால் அவன் தாதியிடம் விளக்கமாகச் சொல்லவில்லை. என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"பொஞ்சாதிக்கு எட்டு மாசம் காக்கா. தலைப்புள்ள. மூணு நாளாக் காய்ச்சல். இண்டைக்கு விடியக்காலையில காய்ச்சல் விட்டிட்டாம், ஆனா குடிக்கிறதயெல்லாம் சத்தி எடுத்துக்கிட்டே இரிக்காவாம். காய்ச்சல் விட்டதால மாமி பயப்படல்ல. எனக்குத்தான் மனசு சரியில்ல. வீட்டுல வேற ஆம்பிள இல்ல. நான் போனாத்தான் கூட்டி வரலாம்."

இந்த வார்த்தைகளை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் கேட்கவில்லை. என் காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரம் என் மனம் எங்கே இருந்தது என்றால், மருதமுனைக்குத்தானே ஆட்கள் போகிறார்கள் என்பதில். அவனுக்கு ஆறுதல் சொல்லும் நினைப்பில், பயப்படாதே, உங்கள் மருதமுனைக்கு இரண்டு நாளாகப் புகை அடித்தாயிற்று, இன்றைக்கும் போவார்கள் என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "மருதமுனையில அடிச்சி எனக்கென்ன காக்கா? அது எங்கட உம்மாட வீடு. கலியாணம் முடிச்சி ரெண்டு வருசமா நான் தோணாவடியிலதானே இரிக்கன்" என்றான். பிறகு கையை நீட்டிக் காட்டினான். ஏழாம் கட்டிலில் படுத்திருப்பவர் எங்கள் முன்வீடு, ஜன்னலடிக் கட்டில் என் சகலன் என்றான்.

நான் எழும்பிப் போய் அந்த இரண்டு டிக்கட்டையும் திருப்பிப் பார்த்தேன். ஏழாம் கட்டில் நிந்தவூர் என்றிருந்தது. ஜன்னலடிக் கட்டில் அக்கரைப்பற்று. அடையாள அட்டையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதியிருந்தார்கள், நான் சொல்லிக் கொடுத்தபடியே.

வெளியூரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொஞ்சாதி வீட்டுக்கு வந்து சேர வேண்டும். ஆனால் அடையாள அட்டை எடுப்பது பதினாறு வயதில், உம்மா வீட்டு விலாசத்தில். அதைப் பிறகு மாற்றுகிறவர் ஆயிரத்தில் ஒருவர். வாக்கும் அங்கேதான் கிடக்கும். மாத்தளை டொக்டருக்கு இது தெரியாமல் இருந்தது அவருடைய குற்றமில்லை. எனக்கு என்ன வந்தது? நான் அட்டாளைச்சேனையில் பிறந்து நிந்தவூரில் கலியாணம் முடித்து, அப்போதே இருபத்தேழு வருடம் பொஞ்சாதி வீட்டுச் சோறு சாப்பிடுகிறவன். என் சட்டைப் பைக்குள் கிடந்த அட்டையிலும் உம்மா வீட்டு விலாசம்தான்.  இரண்டு கிழமையாக நான் கோடு போட்டுக் கொடுத்தது ஆண்கள் பிறந்த வீடுகளின் கணக்கு. நுளம்பு கடித்த வீடுகள் வேறு எங்கேயோ இருந்தன.

அன்சாரின் தோளில் தட்டினேன். "நீ படு மனே, நான் பாக்கிறன்" என்றேன். அவன் அந்த ஒரு சொல்லை நம்பிப் படுத்துக்கொண்டான்.

பிறகு கட்டில் கட்டிலாகப் போனேன், ஒரு துண்டுத் தாளும் பென்சிலுமாக. நீங்கள் படுத்து எழும்புகிற வீடு எது என்று கேட்டேன். அது ஒரு கூத்து. ஒரு வயதானவர் எழும்பி உட்கார்ந்து, இதை யார் கேட்கச் சொன்னது, என் மூத்த பொஞ்சாதியா என்று கேட்டார். அவருக்கு இரண்டு வீடு இருப்பது அன்றைக்குத்தான் வாட்டுக்குத் தெரியவந்தது. இன்னொருவன் பொஞ்சாதியோடு கோபித்துக்கொண்டு மூன்று கிழமையாக உம்மா வீட்டிலேயே இருக்கிறானாம், அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். வாட்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கடைசியில் தாளைப் பார்த்தேன். மருதமுனையின் ஆறு பேர் இரண்டாகிவிட்டார்கள். நிந்தவூரும் அக்கரைப்பற்றும் கரைந்துபோயின. அந்த ஒரு வாட்டில் மட்டும் தோணாவடி ஒழுங்கைகளில் குடியிருப்பவர்கள் ஏழு பேர். பெண்கள், பிள்ளைகள் வாட்டில் ஏற்கெனவே இருந்த மூவரோடு பத்து. பதினொரு மணி ஆகியிருந்தது.

டொக்டரின் அறைக்கு நடக்க மூன்று நிமிடம் போதும். பிள்ளைகளே, நான் அங்கே போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைத்தான் இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் ஒன்று. இரண்டு கிழமை பிழையான தாளைக் கொடுத்தவன், இப்போது வேர்வையில் நனைந்த ஒரு பென்சில் துண்டோடு போய் நிற்பதா? பாதி விசயத்தைச் சொல்லி அதுவும் பிழைத்தால் இரண்டு ஊரும் போய்விடுமே என்று ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மை அது மட்டுமில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. யாரும் கண்டுபிடிக்காததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோசம். அதை அழகாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்ற ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் உண்மை.

பெண்கள் வாட்டுக்குப் போய் அங்கேயும் விசாரித்தேன். பதிவறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். அடிமட்டத்தை எடுத்தேன். பழைய கணக்கு ஒரு பக்கம், புதிய கணக்கு மறுபக்கம், வெளிக்கோடு சிவப்பு, உள்கோடு நீலம். தோணாவடி ஒழுங்கைகளை வரைந்து வீடுகளுக்குப் புள்ளி வைத்தேன். ஒரு கோடு கோணலாகப் போனது, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். லுஹர் பாங்கு சொன்னது, போய்த் தொழுதுவிட்டுச் சாப்பிட்டேன். சாப்பிட்ட பிறகு தலைப்பை எழுதினேன்.

இரண்டு மணிக்கு டொக்டரின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம் என்னுடையது, பிழையும் என்னுடையது என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போதுதான் விளங்குகிறது காக்கா என்று மெதுவாகச் சொன்னார். உடனே தொலைபேசியை எடுத்து, மருதமுனைக்குப் புறப்பட ஆயத்தமாக இருந்த ஆட்களைத் தோணாவடிக்குத் திருப்பினார். அன்றைக்கு வராததற்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மருதமுனைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவும் சொன்னார். என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அவர் என் படத்தின் மேல் பேனையை வைத்துப் புள்ளிகளை எண்ணினார்.

"இந்த வீடுகள்ல வயித்துப்பிள்ளைக்காரங்க யாரும் இருக்காங்களா, தெரியுமா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர், ஒருத்தி இரிக்கா. எட்டு மாசம். மூணு நாள் காய்ச்சலாம். இண்டைக்கு விட்டிட்டாம், சத்தி எடுக்கிறாவாம்" என்றேன்.

என் வாயிலிருந்து வரும்போதுதான் அதை நானே கேட்டேன். எட்டு மாசம், மூன்று நாள், காய்ச்சல் விட்டது, சத்தி. காய்ச்சல் விடுகிற நாள்தான் டெங்கில் கெட்ட நாள் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை டிக்கட்டில் அதே வரிசையில் அதே சொற்களைப் படித்து அடுக்கியிருப்பேன்!

டொக்டரின் பேனை நின்றது. இதை யார் சொன்னது என்று கேட்டார். மாப்பிள்ளைதான், வாட்டில் இருக்கிறான் என்றேன்.

"எத்தனை மணிக்குச் சொன்னார்?"

"பத்து மணிக்கு."

அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என் சிவப்புக் கோட்டைப் பார்த்தார். ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.  அந்தப் பகுதி மருத்துவமாதுக்கு எடுத்து, கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடச் சொன்னார். வீடு எது என்று கேட்டார். நான் படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். மூன்றாவது ஒழுங்கையில் ஐந்தாவது புள்ளி. 

மருத்துவமாது ஸ்கூட்டரில் போய்ப் பார்த்தபோது அந்தப் பிள்ளை, பர்ஸானா என்று பெயர், சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தாளாம். கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. காய்ச்சல் விட்டதற்கு மாமி அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு கொத்தமல்லித் தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாராம். அஸருக்கு முன்னால் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். இரத்த அழுத்தம் அளக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. இரண்டு நாள் டொக்டர்மார் அவளோடு மல்லுக்கட்டினார்கள். பர்ஸானா பிழைத்தாள். வயிற்றில் இருந்த பிள்ளைக்கு வரும்போதே துடிப்பு இல்லை. ஆம்பிளைப் பிள்ளை.

அன்சார் தன் கட்டிலிலிருந்து எழும்பிப்போய் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கினான். நான் வாசலிலேயே நின்றேன். 

ஒரு கிழமை கழித்து டொக்டரிடம் கேட்டேன். பத்து மணிக்கே நான் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை இருந்திருக்குமா? அவர் பொய் சொல்கிற ஆளில்லை. சொல்ல முடியாது காக்கா, பத்து மணிக்குத் துடிப்பு இருந்ததா என்று யாருக்குத் தெரியும் என்றார். பிறகு, "இனிமே எனக்குப் பென்சில் தாளையே கொண்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததேயில்லை. மாற்றம் கிடைத்துப் போகும் வரைக்கும் அதே பிளேன்டீ, அதே மீன் பனிஸ். நான் கசங்கிய தாள்களோடுதான் போனேன். இன்னும் விசாரிக்காதது எது என்பதையும் தாளின் அடியில் எழுதிக்கொண்டு போனேன்.

தோணாவடியில் பாதி கட்டி விட்ட ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டி முழுக்க நுளம்புப் புழு இருந்ததாம். அதை இறைத்துக் கொட்டிய பிறகு அந்த ஒழுங்கைகளிலிருந்து ஆட்கள் வருவது நின்றது. அட்மிஷன் புத்தகத்தில் "படுத்து எழும்பும் வீடு" என்று ஒரு பத்தியைக் கையால் சேர்த்தோம். உங்கள் திரையில் விலாசத்துக்கு இரண்டு பெட்டி இருக்கிறதே, அதன் கதை இதுதான். உங்களில் சிலர் இரண்டாவது பெட்டியில் ஆளைக் கேட்காமலே "மேற்படி" என்று தட்டிவிட்டுப் போவதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பற்றி ஒன்றும் சொல்ல எனக்கு உரிமையில்லை. கேளுங்கள், பிள்ளைகளே. கேட்டதில் ஓர் உயிர் இருந்தால் கணக்கை அங்கேயே போட்டுவிட்டு எழும்பி ஓடுங்கள். அட்டவணை பிறகு வரட்டும்.

அன்சாரை நான் இன்னும் சந்திக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மீன் வாங்க ஒலுவில் துறைமுகத்துக்குப் போவேன். இப்போது அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். என்னைத் தூரத்தில் கண்டாலே படகிலிருந்து இறங்கி வருவான். நல்ல மீனாகப் பார்த்து என் பைக்குள் போடுவான். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லுவான்.

"இந்தக் காக்கா அண்டைக்கு 'நீ படு, நான் பாக்கிறன்' எண்டு சொல்லிட்டுப் போனாரு. அவரு போய்ச் சொன்னதாலதான் மருத்துவமாது வீடு தேடி வந்தா. இல்லாட்டி எங்கட பொஞ்சாதியும் மௌத்தாப் போயிருப்பா."

அவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். நான் தலையை ஆட்டுவேன். இந்த வெள்ளிக்கிழமை அந்த நாலு மணித்தியாலத்தைப் பற்றிச் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன்.  போயிட்டு வாறன் மனே என்று சொல்லிவிட்டு, அவன் தந்த மீனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.